மூடிக்கு உள்பக்கம்

பெட்டிகள் ஜன்னலைத் தாண்டி ஏறிய அன்று, மாமனார் கஞ்சி வேண்டாம் என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"வெளியே வெயிலா மழையான்னு இனிமே உன்னைக் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணுமா? இருந்தது ஒரு ஜன்னல். அதையும் வேலைக்குச் சேத்துட்டே."

"ரெண்டு நாள் பொறுத்துக்குங்க மாமா. நாளைக்குப் பாதி போயிடும்."

"பாதி போகும், முழுசா வரும். நேத்தும் இதையேதான் சொன்னே."

அவர் சொன்னதில் தப்பில்லை. அந்த வீடு என்பது மூன்றாவது மாடியில் ஒரு அறை, அதன் பின்னால் ஒரு ஆள் நின்று திரும்பும் அளவுக்கு அடுப்படி, அவ்வளவுதான். கட்டில் ஒரு சுவரை எடுத்துக்கொண்டது. மிச்சச் சுவர்கள் எல்லாம் இப்போது அட்டைப்பெட்டிகளின் சொத்து. நடுவில் விட்டிருந்த வழியில் நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் போக வேண்டும். அவள் புருஷன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். தலையை அடுப்படியிலும் காலைப் பெட்டிகளுக்கு நடுவிலும் நீட்டித் தூங்கி எழுந்து, கழுத்தைப் பிடித்துக்கொண்டே வேலைக்குப் போனார்.

அவளை அந்தக் கட்டடத்தில் எல்லோரும் டேப்பு என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணாடிச் சாமான் கம்பெனியின் பேக்கிங் மேசையில் கிடைத்த பேர். டேப்பை இழுத்து, ஒட்டி, கட்டைவிரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்து, மணிக்கட்டை வெடுக்கென்று திருப்பி அறுத்துவிடுவாள். மேசையில் அவளுக்கு எதிரே நின்ற தோழிக்குக் கத்திரிக்கோல் இல்லாமல் ஒரு வேலையும் ஓடாது; ஆகவே அவள் கத்திரி. சோற்று டப்பாவைத் திறந்தால் இருவரும் பாதி பாதி மாற்றிக்கொண்டுதான் சாப்பிடுவார்கள்.

அந்த மேசைக்கென்று சட்டம் உண்டு. ஒட்டி வருகிற உள்பெட்டியைத் திறந்து பார்க்கக் கூடாது. உள்ளே என்ன என்று பார்ப்பது பேக்கிங்காரியின் வேலை இல்லை; அது திருட்டுப் புத்தி. ஆனால் வெளிப்பெட்டியை மூடுவதற்கு முன், மூடிக்கு உள்பக்கம் அவரவர் நம்பரை எழுதி வட்டம் போட்டே ஆக வேண்டும். மேசையில் பதினேழு பேர். கடைசியாகச் சேர்ந்த டேப்பு பதினேழு, கத்திரி அஞ்சு. எங்கோ ஒரு கண்ணாடி உடைந்து பெட்டி திரும்பி வந்தால், அந்த நம்பர்காரி எல்லோரும் பார்க்க முன்னால் வந்து, அதைத் தன் கையாலேயே திறக்க வேண்டும். "பெட்டி பேசாது, நம்பர் பேசும்" என்பார் சூப்பர்வைசர். பதினேழு போட்ட பெட்டி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அந்தக் கர்வம் அவளுக்கு உண்டு. இருக்கட்டுமே, போட்டுக்கொள்ள அவளிடம் வேறு நகை கிடையாது.

பிறகு ஒரு மிஷின் வந்தது. பதினேழு பேரும் ஒரே நாளில் வீட்டுக்கு வந்தார்கள். பட்ட காலிலேயே படும் என்பதற்கு இணங்க, மாமனாருக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. வாய் மட்டும் இழுக்கவில்லை. அவரை விட்டுவிட்டு வெளியே வேலை தேடவும் வழியில்லாமல் போயிற்று.

அப்போதுதான், கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது போல, போனில் அந்தச் செய்தி வந்தது. வீட்டிலிருந்தே பேக்கிங் வேலை. முன் அனுபவம் உள்ள பெண்களுக்கு முன்னுரிமை.

வேன்காரர் இந்த விஷயத்தில் கட்டடத்துக்கே ஆலோசகர். கீழ்வீட்டுப் பையன் வீட்டிலிருந்தே டைப் அடிக்கும் வேலை என்று முன்பணம் கட்டப் போனபோது தடுத்து நிறுத்தியவர் அவர்தான். செய்தியைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"பணம் ஏதாவது கட்டச் சொல்றாங்களா?"

"சல்லிக்காசு கேக்கலைங்க."

"டெபாசிட்டு, டிரெய்னிங்கு, அது இதுன்னு?"

"ஒண்ணுமில்ல. அடையாள அட்டை போட்டோவும், அதைக் கையில பிடிச்சுக்கிட்டு என் மூஞ்சி போட்டோவும் போதுமாம். வீட்டு வாடகைப் பத்திரத்தையும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாங்க."

"நேர்ல வரச் சொல்லலையா? ஆபீஸ் எங்கேன்னு கேட்டியா?"

"வீட்டுல இருந்து செய்யற வேலைக்கு ஆபீஸுக்கு எதுக்குங்க போறது?"

"அதுவும் சரிதான். பணம் கேட்டாத்தான் ஃபிராடு. சேந்துக்கோ. நம்மகிட்ட எடுத்துட்டுப் போக என்ன இருக்கு?"

எடுத்துக்கொண்டு போக அவர்களிடம் ஒரு விலாசமும் ஒரு நல்ல பேரும் இருந்தன. ஆலோசகருக்கு அது தோன்றவில்லை.

வேலை என்னவோ சுலபம்தான். கூரியர்காரர் பெட்டிகளைக் கொண்டுவந்து போடுவார். வெளிநாட்டுக்குப் போகும் சாமான், கெட்டியாகக் கட்ட வேண்டும் என்று மேனேஜர் மேடம் சொல்லியிருந்தாள். டேப்பு வெளிப்பெட்டியைப் பிரித்து, உள்பெட்டியைத் தொடாமல் எடுத்து, புதுப்பெட்டியில் வைத்து, சுற்றிக் காகிதம் திணித்து மூட வேண்டும். போனில் வரும் புது விலாசத்தை, அனுப்புகிறவர் பெறுகிறவர் இரண்டையும், ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து ஒட்ட வேண்டும். பிள்ளைகளை இறக்கிவிட்டு வருகிற வேனில் அவை கூரியர் ஆபீசுக்குப் போகும். மேடத்தை யாரும் பார்த்ததில்லை. குரல் மட்டும்தான். "சிஸ்டர், உங்க கை மாதிரி கை யாருக்கு வரும்?" என்று அந்தக் குரல் சொன்ன அன்று டேப்பு மாமனாருக்கு இரண்டு தரம் டீ போட்டுக் கொடுத்தாள்.

"உங்களை மாதிரி இன்னும் ஆள் இருந்தா சொல்லுங்க சிஸ்டர்" என்றும் குரல் கேட்டது. பேக்கிங் மேசைக்காரிகளுக்குப் போனில் ஒரு குழு உண்டு. டேப்பு அதில் பேசி அனுப்பினாள். "அடியேய், நல்ல வேலைடி. ஒரு பைசா கேக்கல. நான் சேந்துட்டேன், நம்பிச் சேருங்க." கத்திரி முதல் ஆளாக, நானும் என்று பதில் போட்டாள். அதன் பிறகு குழுவில் யாரும் வேலையைப் பற்றிப் பேசவில்லை. கம்பெனி விஷயத்தை வெளியே பேசினால் சம்பளம் பிடிப்போம் என்று மேடம் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

சம்பளம்தான் இன்னும் வரவில்லை. மாசம் முடியட்டும் என்றாள். மாசம் முடிந்ததும், கணக்குப் பிரிவில் ஆள் லீவு என்றாள். பெட்டிகள் மட்டும் லீவு போடாமல் வந்தன.

ஜன்னல் மறைந்த மறுநாள் மத்தியானம் மழை கொட்டியது. சாதாரணமாக எட்டி ஜன்னல் கதவைச் சாத்திவிடலாம். இப்போது கைக்கும் கதவுக்கும் நடுவே பெட்டிகள். அவள் ஒவ்வொன்றாக இறக்கி முடிப்பதற்குள் சாரல் உள்ளே புகுந்து, ஜன்னலை ஒட்டியிருந்த பெட்டியை ஊறவைத்துவிட்டது. தூக்கியதும் அடி கழன்றது. உள்பெட்டியும் கழன்றது.

தரையில் விழுந்தவை புதுப் போன்கள். கடைக் கண்ணாடிக்குப் பின்னால் மட்டும் அவள் பார்த்த ஜாதி. வெளியே ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் சமையல் சாமான் மாதிரிகள் என்று இருந்தது.

மாமனார் கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்தார். "எந்த ஊர்லம்மா இதுல சமைக்கறாங்க?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெட்டிகளைத் தூக்கும்போதெல்லாம் கை ஏதோ சொல்லத்தான் செய்தது. பாத்திரத்தின் கனம் இப்படி இருக்காது என்று சொன்னது. கேட்கிறது உன் வேலை இல்லை என்று அவள்தான் கையை அடக்கி வைத்திருந்தாள்.

மேடத்துக்குப் போன் செய்தாள்.

"மழையில நனைஞ்சு பிரிஞ்சுடுச்சு மேடம். உள்ளே முழுக்க புதுப் போன் இருக்கு. வெளியே வேற எழுதியிருக்கே, அதான் கேக்கலாம்னு..."

"உள்ளே என்ன இருக்குன்னு பாக்கறது உங்க வேலையா சிஸ்டர்?"

மேசையின் சட்டத்தை யாரோ எடுத்து அவள் முகத்திலேயே அடித்த மாதிரி இருந்தது.

"இல்ல மேடம். ஆனா எனக்கு இது சரியாப் படல. இருக்கறதை வந்து எடுத்துக்குங்க. செஞ்ச வேலைக்குச் சம்பளத்தைக் குடுத்துடுங்க, போதும்."

குரலில் இருந்த சர்க்கரை தீர்ந்துபோனது.

"பெட்டியெல்லாம் யார் பேருக்கு வந்துச்சு? உங்க பேருக்கு. பிரிச்சது யாரு? நீங்க. அனுப்பினது யாரு? நீங்க. உங்க அட்டை, மூஞ்சி, வீடு எல்லாம் என்கிட்ட இருக்கு. என்னைப் பத்தி உங்ககிட்ட என்ன இருக்கு? என் பேராவது தெரியுமா?"

தெரியாது.

"வீட்டுல இருக்கறதெல்லாம் இந்த வாரத்துக்குள்ள போகணும். நின்னுச்சுன்னா போலீஸுக்கு நானே சொல்வேன், திருட்டுச் சாமான் இந்த வீட்டுல இருக்குன்னு. உள்ளே போறது நீங்கதான் சிஸ்டர்."

சாயங்காலம் வேன்காரர் வந்து கேட்டு, சட்டையைக்கூடக் கழற்றாமல் பெட்டிமேல் உட்கார்ந்தார். பிறகு அது என்ன பெட்டி என்று நினைவு வந்து எழுந்துகொண்டார். உட்கார வேறு இடம் இல்லை.

"வேலியில போன ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டோமே" என்றார். "பணம் கேக்கலையேன்னு பாத்தேன். அவங்களுக்குப் பணம் வேண்டாம்டி. நம்ம வாசல்தான் வேணும்."

"இப்ப என்னங்க செய்யறது?"

"இருக்கறதை அனுப்பித் தொலைச்சிடு. புதுசா வந்தா வாங்காதே. ஓசைப்படாம ஒதுங்கிடுவோம்."

"தெரிஞ்சே அனுப்பறதா?"

"தெரியாம அனுப்பினதுக்கு மட்டும் மாலை போடுவாங்களா? உன்னை உள்ளே வச்சா, அப்பாவை யார் பாப்பா? போலீஸ் வந்துபோன வீட்டுக்காரன் வேன்ல எந்தத் தாய் பிள்ளையை ஏத்துவா?"

அவள் அனுப்பினாள். தெரிந்தே கட்டினாள், அதைப் பூசி மெழுகிச் சொல்வதில் பிரயோஜனம் இல்லை. கை எப்போதும் போல வேலை செய்தது. படியில் யார் ஏறினாலும் எழுந்து நின்றாள். சோறு குழைந்தது, ரசம் உப்பானது. மாமனார் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார், அதுவே பெரிய அதிசயம். புதுப்பெட்டி வாங்க மாட்டேன் என்று கூரியர்காரரிடம் சொல்லிப் பார்த்தாள். அவர் வாசலில் வைத்துவிட்டுப் போனார். வாசலில் கிடந்தால் நாலு பேர் கண்ணில் படும். உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

நாலு பெட்டி போயிற்று. ஐந்தாவதை அவள் மூடும்போது வேன்காரர் பக்கத்தில் நின்றார். டேப்பை இழுக்குமுன் அவள் பேனாவை எடுத்தாள். மூடிக்கு உள்பக்கம் எழுதினாள், வட்டம் போட்டாள்.

"என்ன அது?"

"என் நம்பர்."

"எதுல?"

"இதுலதாங்க. பேக்கிங்னா நம்பர் போடணுமில்ல."

வேன்காரர் குனிந்து மூடியைத் தூக்கிப் பார்த்தார். "இது வரைக்கும் போன எல்லாப் பெட்டியிலயுமா?"

அப்போதுதான் அவளுக்கும் உறைத்தது. பேனா கையிலேயே நின்றது. யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை. பழகிய கை சும்மா இருக்கவில்லை. மேடத்துக்குக்கூட அது தெரியாது.

"எல்லாத்துலயும்" என்றாள்.

"திருடன்கூட முகத்தை மூடிக்கிட்டுப் போறான். நீ ஒவ்வொரு பெட்டியிலயும் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கியேடி!"

"திருட்டுன்னு தெரிஞ்சா போட்டேன்? நல்ல வேலைன்னு நினைச்சுத்தானே போட்டேன்!" என்று கத்தினாள். அந்த வீட்டில் அவள் கத்தி யாரும் கேட்டதில்லை. மாமனார் கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாள் கூரியர்காரர் இரண்டு பெட்டியோடு வந்தவர், ஒரு செம்பு தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுத் தானாகவே பேச்சை எடுத்தார்.

"எங்க ஆபீஸ்ல ஒரே கலவரம்மா. ஒரு பெட்டியைப் போலீஸ் பிரிச்சுட்டாங்க. எவனோ ஒருத்தனோட கார்டு நம்பரைத் திருடி வாங்கின சாமானாம். இங்கேருந்து மூணு தெரு தள்ளித்தான் ஸ்டேஷன், அங்கே கொண்டுபோய் வச்சிருக்காங்க. பெரிய கும்பல்னு பேசிக்கறாங்க."

"யாருன்னு தெரிஞ்சுதாமா அண்ணே?"

"அனுப்பினவன் விலாசம் பொய்யாம். பெட்டிக்குள்ள ஏதோ நம்பர் இருக்காம். அதை வச்சுத் தேடறாங்க" என்று செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.

வேன்காரர் அன்று பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு வீட்டுக்கு வந்தார்.

"எல்லாத்தையும் வேன்ல ஏத்து. ஆத்துப் பாலத்துக்குப் போறேன். தண்ணி நிறையப் போகுது."

அவள் ஏற்றினாள். மூன்று மாடி, அவளும் அவருமாக. பிள்ளைகள் உட்காரும் சீட்டில் பெட்டிகள் வரிசையாக உட்கார்ந்தன. கடைசிப் பெட்டி நகர்ந்ததும் ஜன்னல் தெரிந்தது.

"மழை விட்டுடுச்சு" என்றார் மாமனார். வெளிச்சத்தில் கண் கூசியது போலும், கையால் மறைத்துக்கொண்டார். "எங்கேம்மா கொண்டுபோறீங்க?"

"ஆத்துக்காம் மாமா."

"போன பெட்டியெல்லாம் எந்த ஆத்துல இருக்கு?"

அவள் புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தாள். அவர் கேட்டதைத்தான் அவளும் படியிறங்கி ஏறிய நேரமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். கீழ்வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, மாமாவைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொன்னாள்.

"எப்ப வருவே?" என்றார் மாமனார்.

அவள் செருப்பைப் போட்டாள்.

வேனில் ஏறியதும் சொன்னாள். "ஸ்டேஷனுக்கு விடுங்க."

"உனக்கென்ன பைத்தியமா? நாமளே போய்த் தலையைக் குடுக்கறதா?"

"திரும்பி வந்த பெட்டியைப் போட்டவதாங்க திறக்கணும். அவங்க என்னைத் தேடி மூணு மாடி ஏறி, மாமா பாக்க இழுத்துட்டுப் போறதுக்கு முன்னாடி நானே போயிடறேன். விடுங்க."

அவர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டிருந்தார். பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்ததும் வண்டியை எடுத்தார். திருப்பத்தில் ஆற்றுப்பக்கம் திரும்பாமல் நேராக ஓட்டினார்.

ஸ்டேஷனில் அதிகாரிக்கு முன்னால், மேசைமேல், அந்தப் பெட்டி இருந்தது. ஒரு பக்க டேப் பிய்ந்திருந்தது. தூரத்திலிருந்தே அவளுக்குத் தன் கை தெரிந்துவிட்டது. மூலைகளில் தேய்த்த அடையாளம் வேறு யாருக்கும் அப்படி வராது. தன் போனை மேசைமேல் எடுத்து வைத்துவிட்டு, அவள் ஆரம்பத்திலிருந்து சொன்னாள். அட்டை, போட்டோ, மேடத்தின் குரல், மழை. தெரிந்த பிறகும் நாலு பெட்டி அனுப்பினதையும் சொன்னாள். வேன்காரர் அவள் முழங்கையைக் கிள்ளினார். அவள் நிறுத்தவில்லை.

அதிகாரி மூடியைத் தூக்கிக் காட்டினார்.

"இந்தப் பதினேழு?"

"நான்தான் சார்."

"நாங்களும் அப்படித்தான் நினைச்சோம், கும்பல்ல பதினேழாவது ஆள்னு" என்றார். நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "சரி. மத்த பதினாறு பேர் எங்கேம்மா?"

அவளுக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்தது. மற்ற பதினாறு பேர்! சோற்று டப்பாக்களோடும் வலிக்கிற முழங்கால்களோடும் ஒரு நீள மேசையைச் சுற்றி நின்ற பதினாறு பேர். சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது. நம்பிச் சேருங்க என்று அவள் பேசி அனுப்பிய தன் குரல் அவள் காதில் கேட்டது.

"அவங்க வீட்லயும் பெட்டி இருக்கும் சார்" என்றாள். "நான் சொல்லித்தான்."

அதிகாரி அவள் போனை அவள் பக்கமே தள்ளினார். "கூப்பிடுங்க."

அவள் குழுவில் பேசினாள். "நான் டேப்பு பேசறேன்டி. யாரும் பெட்டியை அனுப்பாதீங்க. பணம் கேக்கலன்னு நம்பாதீங்க, அவங்க நம்ம பேரைத் திருடறாங்க. மிரட்டினா பயப்படாதீங்க. பெட்டியைத் தூக்கிக்கிட்டு ஸ்டேஷனுக்கு வாங்க. நான் இங்கேதான் இருக்கேன்."

"கேஸ் எப்படிப் போகும்னு இப்ப சொல்ல முடியாது" என்றார் அதிகாரி, போனை வாங்கி மேசைக்குள் வைத்துக்கொண்டு. "தெரிஞ்சு அனுப்பின நாலு இருக்கே. வெளியே பெஞ்சுல உக்காருங்க. நான் சொல்ற வரைக்கும் எங்கேயும் போகக் கூடாது."

வேன்காரரை, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து எடுக்கும் நேரம் என்று அனுப்பிவிட்டார்கள். பெட்டிகளை இறக்கிய வேன் இலேசாகக் குலுங்கிக்கொண்டு போயிற்று. அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். எதிரே சுவர். பக்கத்தில் ஒரு தண்ணீர்ப் பானை. மாமாவுக்கு மத்தியானக் கஞ்சி கொடுத்திருப்பார்களா என்று யோசித்தாள். யாரும் வர மாட்டார்கள் என்று ஒரு நேரம் தோன்றியது. வராமல் இருந்தால் நல்லது என்றும் தோன்றியது.

வெயில் சாயும்போது வாசலில் ஒரு ஆட்டோ நின்றது. இடுப்பில் பிள்ளையைத் தூக்குவது போலப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கத்திரி இறங்கினாள். கட்டியிருந்த புடவை வீட்டுப் புடவை. காலில் இரண்டு செருப்பும் வேறு வேறு. பெஞ்சுக்கு வந்து பெட்டியைக் கீழே வைத்தாள். அதன் மூடி திறந்தே இருந்தது. உள்பக்கம் அஞ்சு, வட்டம்.

"உன்னை நம்பித்தானேடி சேந்தேன்" என்றாள்.

டேப்பு பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்து அவளுக்கு இடம் விட்டாள். வாசலில் இன்னொரு ஆட்டோ வந்து நின்றது. அவள் இன்னும் கொஞ்சம் நகர்ந்தாள்.